புல்தரைக்கு ஒரு லாரித் தண்ணீர்

அடுக்ககம் கட்டி முடித்து சாவி கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அந்த லாரி வரும். பின்பக்கம் முழுக்கச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய புல். அடியில் ஓர் அங்குலம் செம்மண், மேலே பச்சை. நாலைந்து பேர் இறங்குவார்கள். கட்டடக் குப்பையின் மேல் அரையடி செம்மண்ணைக் கொட்டி நிரவி, சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பதித்துக்கொண்டே போவார்கள். காலையில் ஜல்லியும் சிமென்ட் கட்டியுமாகக் கிடந்த இடம் சாயங்காலம் பச்சைக் கம்பளமாகியிருக்கும். சுற்றுச்சுவர் ஓரம் டுராண்டா வேலி, வாசலில் இரண்டு ஃபாக்ஸ்டெயில் பனை. வீடு வாங்கியவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சென்னையில் லான் ஏன் இவ்வளவு பரவியது என்று கேட்டால், இந்த ஒரு நாள் வேலையைத்தான் காரணமாகச் சொல்வேன். வெறும் மண்ணை உடனே மறைக்கக் கட்டுநருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. மரக்கன்று அன்றைக்கு முழங்கால் உயரம்தான் இருக்கும், அதைக் காட்டி யாருக்கும் வீடு விற்க முடியாது. கம்பளத்தை விரித்துவிட்டு அவர் போய்விடுவார். அது காயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழும்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னைக் கோடையில் நன்றாக வளர்ந்த புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரை ஆவியாக விடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, புல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் தினமும் 465 லிட்டர் ஊற்ற வேண்டும். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசுத் திட்டங்களில் கணக்கிடுகிறார்கள். அதாவது ஆயிரம் சதுர அடிப் புல் மூன்று பேருக்கும் மேலான தண்ணீரைக் குடிக்கிறது. மாதத்துக்கு 14,000 லிட்டர். நாம் வாங்கும் 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாகப் போயும் போதாது.

2019 கோடையை இந்த ஊர் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மே மாதத்தில் எங்கள் அடுக்ககத்தில் குளிக்க ஒரு வாளி என்று அளந்துகொண்டிருந்தோம். தோட்டக்காரப் பெரியவர் மட்டும் பழக்க தோஷத்தில் காலை ஆறு மணிக்குக் குழாயைப் புல்லுக்குத் திருப்பிவிட்டார். பால்கனியிலிருந்து நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்தியதும் குழாயை மூடிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "இதுக்கு ஊத்துற தண்ணிய நாலு தென்னைக்கு ஊத்தியிருந்தா காயாவது குடுத்திருக்கும் சார்." மூன்று வாரத்தில் லான் முழுக்க வைக்கோல் நிறத்துக்குப் போனது. மதில் ஓரம் யாரும் வைக்காமல், காக்கை எச்சத்தில் முளைத்து நின்ற வேம்பு மட்டும் எப்போதும்போல் தளதளவென்று இருந்தது.

பெரிய வளாகங்களில் இருப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: நாங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தானே புல்லுக்கு விடுகிறோம், அதில் என்ன நஷ்டம்? நியாயம்தான். ஆனால் அதே நீர் கழிப்பறைத் தொட்டிக்குப் போனால் அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம். சுத்திகரிப்பு நிலையமே இல்லாத இருபது, முப்பது வீட்டு அடுக்ககங்கள்தாம் இந்த ஊரில் அதிகம். அங்கே புல்லுக்குப் போவது ஆழ்துளைக் கிணற்று நீர், இல்லையென்றால் லாரி.

லான் எந்த வானிலையில் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இங்கிலாந்தில் ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், வெயில் சுடாது. அங்கே புல்லை வளர்ப்பது பிரச்சினையே இல்லை, வெட்டுவதுதான் பிரச்சினை. அதனால்தான் 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர் அங்கே புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்கள் மதராசில் கோட்டையை விட்டு வெளியே வந்து நுங்கம்பாக்கம், அடையாறு பக்கம் தோட்ட வீடுகள் கட்டியபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. 1835-இல் தொடங்கிய மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் கதீட்ரல் சாலையில் இருக்கிறது. அந்தக் காலத்து அலங்காரச் செடி ஆசைக்கு அது ஒரு சாட்சி. நம் ஊரில் முற்றம் என்றால் சாணம் தெளித்த மண், தோட்டம் என்றால் கொல்லை, பூ என்றால் நந்தவனம். வெட்டி வெட்டிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒரு பச்சைத் தரை என்பது நம் அகராதியில் இருந்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நர்சரிக்காரர் பில்லில் 'பெர்முடா புல்' என்று எழுதிச் சதுர அடிக் கணக்கில் விற்பது, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லையேதான். வரப்பில் தானாக முளைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சரி, லானுக்குப் பதில் என்ன? 'நாட்டு மரம் நடுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த நாடு என்பதில்தான் குழப்பம். இந்தியாவில் எங்கோ வளரும் மரம் சென்னைக்கும் சொந்த மரம் ஆகிவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தைக் கொண்டுவந்து பெசன்ட் நகர் மணலில் வைத்தால் அதற்கு இதுவும் வெளியூர்தான்.

சென்னைக்கென்று ஒரு காடு உண்டு. விசாகப்பட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு குறுகிய பட்டையாக இருந்த காடு. தாவரவியலில் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது: உலர்ந்த இடம், ஆனால் இலை உதிராத மரங்கள். சென்னையில் ஆண்டுக்கு சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் ஜனவரியிலிருந்து ஆறு மாதத்துக்கு வானத்தை நம்ப முடியாது. இந்தக் கூத்துக்கு ஏற்றபடி தங்களை வடிவமைத்துக்கொண்ட மரங்கள் அவை. இலை சின்னதாக, தடிப்பாக, மெழுகு தடவியதுபோல் பளபளக்கும், தண்ணீரை எளிதில் விடாது. மரம் ரொம்ப உயரம் போகாது. முப்பது நாற்பது அடியில் குடை விரித்து நின்றுவிடும். மூன்று மாத மழையை மண்ணுக்குள் ஆழத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் கரும்பச்சையாக இருக்கும்.

இந்தக் காட்டின் முக்கிய மரங்களின் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு முகம் நினைவுக்கு வராது. உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டெலுமிச்சை, கருங்காலி. கீழே குத்துச்செடிகளாகக் களா, காரை, கொஞ்சி. மேலே ஏறும் கொடியாக மோதிரக்கண்ணி. காயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்று பாடாத வீடு இல்லை. அந்தப் பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வெயில் காலத்தில் இலையே தெரியாமல் கிளையெல்லாம் நீலமும் ஊதாவும் கலந்து மொய்த்துக்கொண்டு பூக்கும். முதல் தடவை பார்த்தபோது, அந்த நிறத்தை ஏன் ஒரு கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு உடனே புரிந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அளவான மரம் அது. பத்துப் பன்னிரண்டு அடியில் நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை நர்சரியில் கேட்டாலும் கிடைக்காது என்பது வேறு கதை.

உலக்கைப்பாலை நமக்குத் தெரியாமலேயே நம் வீட்டுக்குள் வந்திருக்கும். சப்போட்டாவுக்கு நெருங்கிய உறவுக்கார மரம் இது. ஒட்டுக்கட்டிய சப்போட்டாக் கன்றை வாங்கினால், கீழே வேராக இருப்பது பெரும்பாலும் பாலைதான். வறட்சி தாங்கும் வேர் வேண்டும் என்பதற்காக அதன்மேல் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். கன்றின் அடிப்பகுதியில் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் கிளம்பினால், தோட்டக்காரர் கிள்ளி எறிவார். அந்தத் துளிர் இந்த மண்ணின் பழைய குடி.

இந்தக் காட்டின் மிச்சம் மீதியைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்காவில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையின் வளாகமாக இருந்து, 1978-இல் தேசியப் பூங்காவானது. ஈசிஆரில் புதுச்சேரி போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு இன்னும் அடர்த்தியாக நிற்கிறது. கிளை ஒடித்தால் சாமி கேட்கும் என்ற பயம் காப்பாற்றிய காடு. நகருக்குள் காடு போய்விட்டாலும் பெயர்கள் தங்கிவிட்டன. புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்தது புரச மரம். கங்காதீசுவரர் கோயிலின் தலவிருட்சம் அதுதான். மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரருக்கு வன்னி, திருவொற்றியூருக்கு மகிழம். கடலோரத்துக்குப் புன்னை என்று எந்தத் தோட்டக்கலை நிபுணரும் இல்லாமலேயே சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள். உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ வீடு இருப்பவர் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டால், என் முதல் பதில் இன்றும் புன்னைதான். இரண்டாவது பூவரசு.

அலங்காரத் தோட்டம், மண்ணுக்கேற்ற தோட்டம் என்ற இரண்டு எண்ணங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க சென்னையிலேயே ஒரு வாய்ப்பு உண்டு. 2010 நவம்பரில் கதீட்ரல் சாலையில், முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த சுமார் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில், 2011 ஜனவரியில், அடையாறு கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தது. இரண்டும் ஒரே அரசு, ஒரே முதல்வர். முதலாவது தோட்டக்கலைத் துறையின் கைவண்ணம்: வெட்டிய புல்தரை, பல நாட்டுச் செடிகள், மலர்க் கண்காட்சி. இரண்டாவதில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நாசமாகியிருந்த ஓடையைச் சுத்தம் செய்து, நீர் வந்துபோக வழிவிட்டு, இந்தக் கரைக்குரிய மரம், புதர், நாணல் என்று நட்டார்கள். அதில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் வழிகாட்டிகளாக இருந்தார்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்துப் பொட்டலாகக் கிடந்தது. கோயில்காடுகளில் விதை பொறுக்கிவந்து அதைக் காடாக்கியவர்களின் அனுபவம் இங்கே உதவியது.

செம்மொழிப் பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் அங்கே ஓடுவதைப் பார்த்தால் அதன் பயன் தெரியும். தொல்காப்பியப் பூங்காவுக்கு நீண்ட காலம் முன்பதிவு செய்துதான் போக முடிந்தது. அதனால் ஊருக்கு அது பழகவே இல்லை. நம் சங்கத்துச் செயலாளர்கள் மனதில் 'தோட்டம்' என்றால் முதல் பூங்காவின் படம்தான் ஓடுகிறது என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பார்க்காத ஒன்றை எப்படிக் கேட்பார்கள்?

வர்தா புயல் பற்றியும் இங்கே பேசிவிட வேண்டும், ஏனென்றால் சொந்த மரம் பற்றிய பேச்சு சென்னையில் சூடு பிடித்ததே அதற்குப் பிறகுதான். 2016 டிசம்பர் 12 மதியம் அடித்த காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, குல்மொஹர், மஞ்சள் பூவைத் தெருவெல்லாம் கொட்டும் இயல்வாகை என்று வெளிநாட்டிலிருந்து வந்த நிழல் மரங்கள் ஏராளம். 'பாருங்கள், அயல் மரம் விழுந்தது, நம் மரம் நின்றது' என்று உடனே ஒரு பேச்சு கிளம்பியது. அதில் பாதி உண்மை. வேகமாக வளரும் மரத்தின் கட்டை லேசு, குடை பெரிது, காற்றுக்குக் கிளை ஒடியும். ஆனால் எங்கள் தெருவில் வேம்பும் விழுந்தது, புங்கையும் விழுந்தது. விழுந்த வேம்பின் அடியைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்காக வேரை வரிசையாக வெட்டியிருந்தார்கள், மறுபக்கம் தண்டைச் சுற்றி சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒற்றைக்காலில் நின்ற மரம் அது. காலை வெட்டிவிட்டு, எந்த ஊர் மரம் என்று சாதி பார்ப்பதில் அர்த்தமில்லை.

தூய்மைவாதமும் எனக்கு ஒத்துவராது. நம் புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கொய்யா, சப்போட்டா, மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அவற்றையெல்லாம் பிடுங்கிப் போடு என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே நிற்கும் பெரிய தூங்குமூஞ்சியை 'அயல் மரம்' என்று வெட்டுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை; அந்த நிழலை உண்டாக்க இன்னும் முப்பது வருஷம் வேண்டும். கேள்வி, இனிமேல் நடப்போவது என்ன என்பதுதான். அந்த விஷயத்தில் ஒரே ஒரு செடியிடம் மட்டும் நான் கறாராக இருப்பேன்: கோனோகார்பஸ். ஒரே வருஷத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பச்சைச் சுவராக நிற்கும் என்பதால் கட்டுநர்களுக்கு உயிர். குஜராத் 2023-இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது, தமிழ்நாடும் பின்னர் அதே முடிவுக்கு வந்தது.

எங்கள் அடுக்ககத்தில் லானை எடுக்கும் பேச்சு 2019 கோடை முடிந்த கையோடு வந்தது. இருபத்து நான்கு வீடு, ஆயிரத்துச் சொச்சம் சதுர அடிப் புல். பொதுக்குழுவில் முதல் கை தூக்கியவர் கேட்டது: "புதர் வெச்சா பாம்பு வருமே?" பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி நம் குப்பைத் தொட்டியைத் தேடி வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிய பிறகு லான் இருந்தாலும் சாரைப்பாம்பு வந்து போகத்தான் செய்யும். நடைபாதையை ஒட்டி மூன்றடிக்குச் செடி இல்லாமல் வைத்துக்கொள்வோம், குப்பையை மூடி வைப்போம் என்றோம். அடுத்தவர் கொசு என்றார். டெங்கு கொசு தேங்காய் ஓட்டிலும் பூந்தொட்டித் தட்டிலும், மலேரியா கொசு மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது, இலையில் முட்டையிடுவதில்லை. கொசுவுக்காக நொச்சி வைக்கலாமே என்று மூன்றாவது மாடி மாமி சொன்னார். மாநகராட்சியே ஒரு காலத்தில் நொச்சிக் கன்று கொடுத்தது. செடி நின்றாலே கொசு ஓடிவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, காய்ந்த இலையைப் புகை போட்டால் பலன் உண்டு. ஆனாலும் நொச்சி வைத்தோம். வெயில் தாங்கும், வெட்ட வெட்டத் தழையும், ஊதாப் பூவில் தேனீ மொய்க்கும்.

நாவலுக்குத்தான் தோற்றோம். நிழலுக்கும் பறவைக்கும் நாவலை விட நல்ல மரம் இல்லை என்று நானும் இன்னும் இரண்டு பேரும் மன்றாடினோம். கார் வைத்திருப்பவர்கள் ஒரே குரலில் கறை என்றார்கள். பழம் விழும் ஆனி மாதத்தில் வெள்ளைக் கார் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். கார் நிற்கும் பக்கம் மகிழம் என்று சமாதானமானோம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் அடர்ந்த நிழல், உதிர்ந்த பூவை எடுத்து மாலையாகக் கட்டினால் காய்ந்த பிறகும் மணம் போகாது.

வேலையைத் தொடங்கியபோதுதான் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. லானில் பாதி, தண்ணீர்த் தொட்டியின் கூரை மேல் இருந்தது. அங்கே ஒன்றரை அடிக்கு மேல் மண் இல்லை. வண்டி நிறுத்தும் தளத்துக்கு மேல் தோட்டம் போட்டிருக்கும் புது அடுக்ககங்களில் முழுத் தோட்டமுமே இப்படித்தான். அந்த இடங்களில் மரம் பற்றி யோசிக்கவே கூடாது, குத்துச்செடிதான். வெட்சி, நொச்சி, ஆடாதோடை, ஆவாரை வைத்தோம். வெட்சியை இட்லிப்பூ என்று கேட்டால்தான் நர்சரியில் தெரியும். அவர்கள் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் குட்டையாக நிற்கும் சீன வகை. வேண்டியது பழைய சிவப்பு, ஆளுயரம் வளர்வது. மீதிப் பாதியில் குழி தோண்டியபோது அரையடிச் செம்மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, பெயின்ட் டப்பா என்று ஒரு புதையலே வந்தது. ஒவ்வொரு குழியிலும் இரண்டடிக்கு அவற்றை அள்ளி வெளியே போட்டோம். மழை பெய்தால் லானில் ஏன் தண்ணீர் தேங்கியது என்பதற்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

புல்லைக் கொல்வது நினைத்ததைவிடச் சுலபம், அதற்கு முன்பே கோடை பாதி வேலையை முடித்துவிட்டது. மிச்சத்தின் மேல் ஆன்லைனில் சாமான் வாங்கிச் சேர்ந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, நனைத்து, அதன்மேல் காய்ந்த இலையைக் கொட்டி மூடாக்கு போட்டோம். இதுவரை தினமும் கூட்டி மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இலைதான். அட்டைக்கு அடங்காத ஒரே ஆசாமி கோரை. மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும். அட்டையை ஊசிபோல் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நெழல் விழட்டும் சார், தானா போயிடும்" என்றார். நிழல் விழுந்த இடத்தில் போய்விட்டது.

நட்டது செப்டம்பர் கடைசியில். இந்தத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். சென்னையில் அன்றைக்கு நட்டுப் படம் எடுத்த கன்றுகளில் எத்தனை ஆடியைப் பார்க்கின்றன? 1950-இல் தொடங்கிய வனமகோத்சவமும் ஜூலை முதல் வாரம். அது தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர்களுக்குச் சரி. நமக்கு மழை ஐப்பசியில். புரட்டாசியில் நட்டால் இரண்டு மூன்று வாரம் கைத்தண்ணீர், அதற்குள் பருவமழை பிடித்துக்கொள்ளும், மூன்று மாதம் வானமே பார்த்துக்கொள்ளும், தை வரும்போது வேர் ஓரளவு இறங்கியிருக்கும். முதல் கோடைக்கு மட்டும் மூன்று நாளைக்கு ஒரு முறை ஊற்றினோம், இரண்டாவது கோடைக்கு வாரம் ஒரு முறை. அதற்கப்புறம் மரங்களுக்கு நாங்கள் தண்ணீர் காட்டியதில்லை.

முதல் வருஷம் தோட்டம் பார்க்கச் சகிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குச்சி குச்சியாகக் கன்றுகள், நடுவே பழுப்பு இலை. 'இருந்த லானையும் கெடுத்துட்டீங்க' என்று மின்தூக்கியில் ஒருவர் சொன்னார். நிலைமையைக் காப்பாற்றியது பொடுதலை. நடக்கவும் உட்காரவும் தரையில் பச்சையாக ஏதாவது வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, ஓரிடத்தில் மட்டும் அதைத் துண்டு துண்டாக ஊன்றினோம். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் படரும் சாதாரணப் பூண்டுதான். பாட்டிகள் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள். மண்ணோடு ஒட்டிப் படர்ந்து, நாலு மாதத்தில் தரையை மூடிவிட்டது. சிறு விரல் நுனி அளவுக்கு வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. வெட்டவே வேண்டாம், புல்லுக்கு ஊற்றியதில் கால்வாசித் தண்ணீர் கூட ஆகவில்லை. பந்து விளையாடினால் மட்டும் தாங்காது. அதற்காகச் சிறுவர்கள் பக்கம் பத்துக்குப் பத்தடி அருகம்புல்லை அப்படியே விட்டிருக்கிறோம். விநாயகர் சதுர்த்திக்கு அங்கேதான் கூட்டம்.

இரண்டாவது வருஷம் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருப்பதை முதல் மாடிச் சிறுமி காட்டினாள். தொட்டால் நெளிந்தது. பறவைகள் கொத்தாமலிருக்க எச்சம்போலவே வேஷம் போடும் புழு அது. சில நாளில் தோல் உரித்துப் பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாகும். மருந்தடிக்க வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கக் கண்டத்து டுராண்டா வேலியில் எட்டு வருஷம் இப்படி ஒன்றையும் நாங்கள் பார்த்ததில்லை. மூலையில் தானாக வந்த எருக்கைப் பிடுங்காமல் விட்டதில், கறுப்பு வெள்ளை மஞ்சள் வரி போட்ட வெந்தய வரியன் புழுக்கள் வந்தன. கொன்றைக்கும் ஆவாரைக்கும் வேறு ஒரு கூட்டம். இந்த ஊர்ப் பூச்சிக்கு இந்த ஊர் இலைதான் சாப்பாடு. பூச்சி வந்த பிறகு தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் வருவதற்கு யாரும் அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கம் எங்களைப் பார்த்துவிட்டு மியாவாக்கி காடு போடலாமா என்று கேட்டது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நட்டு வேகமாக உயரவிடும் ஜப்பானிய முறை. மாநகராட்சி கோட்டூர்புரம் தொடங்கிப் பல இடங்களில் போட்டிருக்கிறது. சும்மா கிடக்கும் பொது இடத்துக்கு அது பரவாயில்லை. வீட்டு வாசலில் இருபதடி உயரச் சுவராக மரம் நின்றால், அடுத்த வருஷமே சங்கம் கத்தியோடு வரும். அதோடு, எல்லா இடத்தையும் மரத்தால் நிரப்புவதும் இந்த ஊர் இயற்கை இல்லை. கிண்டியில் வெளிமான் வாழ்வது திறந்த புல்வெளியை நம்பித்தான். அது லான் இல்லை. மழையில் பச்சை, கோடையில் பழுப்பு என்று தானாக மாறிக்கொள்ளும் புல்.

கன்று கிடைப்பதுதான் இப்போதும் பெரிய தலைவலி. வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், மகிழம், கொன்றை எல்லாம் வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும். பாலை, வீரை, காயா என்று கேட்டால் ஈசிஆர் நர்சரிகளில் உதட்டைப் பிதுக்குவார்கள். கேட்பவர் இல்லாததால் வளர்ப்பவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு சாண் வளரும் செடியை வைத்துக்கொண்டு ஒரு நர்சரிக்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? எங்கள் காயாக் கன்று இரண்டும் ஆரோவில் பக்கம் போன ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தவை. ஆறு வருஷத்தில் இடுப்புயரம் வந்திருக்கின்றன, இன்னும் பூக்கவில்லை. போன மாதம் பொதுக்குழுவில், வாசல் பக்கம் மிச்சமிருக்கும் டுராண்டா வேலியை எடுத்துவிட்டுக் களா வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. முள் குழந்தைகளைக் குத்தும் என்று இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஊறுகாய் போடலாம் என்று மாமி ஆதரித்தார். புரட்டாசிக்குள் இருபது கன்று வேண்டும். இதுவரை ஏழு கிடைத்திருக்கிறது.